இளவேனில் கோடையாக மாறும் வாரங்களில் பிள்ளைகளை எங்கே, எந்த நேரத்தில் அழைத்துச் செல்வது?

கேள்வி: இருவருக்குத் தாய்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த இருவருக்கும், வெயில் முகம் காட்டத் தொடங்கியதிலிருந்து வீடு தங்கவில்லை. மகள் ஒரு நீண்ட பட்டியல் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள்: ஏரியில் நீந்துவது, குன்று ஏறுவது, கூடாரம் அடித்து இரவு தங்குவது, மிதிவண்டியில் தொலைதூரம் செல்வது, இன்னும் பல. மகனிடம் பட்டியல் எதுவும் இல்லை. வழியில் தென்படும் முதல் எறும்புச் சாரையே அவனுக்குப் போதும். அங்கேயே குந்திக்கொண்டு எழுந்திருக்க மறுப்பான்.

நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள் என்பதால், நால்வரும் சேர்ந்து வெளியே செல்ல வாரத்தில் ஒரு நாள்தான் கிடைக்கிறது. அந்த ஒரு நாள் வீணாகிவிடக் கூடாது என்ற பதற்றத்தில் வாரம் ஒரு புதிய இடமாகத் தேடிச் செல்கிறோம். பயணத்திலேயே பாதி நாள் கழிந்துவிடுகிறது. இறங்கிய இடத்தில் மகள் எதிர்பார்த்தது இருப்பதில்லை. அதற்குள் மகன் தூக்கத்துக்கு அழத் தொடங்கியிருப்பான். இதற்கிடையில் இளவேனில் கண்ணெதிரே கழிந்துகொண்டிருக்கிறதே என்ற ஆதங்கமும் சேர்ந்துகொள்கிறது.

மூன்று விஷயங்களில் அனுபவம் உள்ளவர்களின் கருத்து தேவை. கோடையிலும் செய்யக்கூடியவற்றைத் தள்ளிப்போட்டு, இப்போது தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியவை எவை என்று பிரித்துக்கொள்ள விரும்புகிறேன். ஒன்பது வயதுக்கும் நான்கு வயதுக்கும் ஒரே உலா எப்படிப் பொருந்தும் என்பது இரண்டாவது. மூன்றாவதாக, சற்றே சூடான முதல் நாளிலேயே ஏரிக்குப் போக வேண்டும் என்று மகள் நச்சரிக்கிறாள். எப்போது அழைத்துச் செல்வது சரியாக இருக்கும்? கட்டணம் கட்டி நுழையும் கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவை எந்தப் பருவத்திலும் அங்கேயேதான் இருக்கும்.


பதில்: குளக்கரை

சகோதரி, உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் இருப்பது ஒரே விடைதான். புதிய இடம் தேடுவதை இந்தப் பருவம் முடியும் வரை நிறுத்திவையுங்கள். நடந்தோ, சிறிது நேரப் பயணத்திலோ சென்றடையக்கூடிய ஓர் இடத்தை, முடிந்தால் கொஞ்சம் மரமும் கொஞ்சம் நீரும் உள்ள இடத்தைத் தேர்ந்துகொண்டு, திரும்பத் திரும்ப அங்கேயே செல்லுங்கள். இளவேனிலில் பார்க்க வேண்டியதே மாற்றம்தான். சென்ற வாரம் அந்த இடம் எப்படி இருந்தது என்று அறிந்தவருக்கு மட்டுமே அது கண்ணில் படும்.

இப்போது தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டியவற்றுள் முதலாவது, காட்டுத் தரையில் பூக்கும் சிறு செடிகள். இலையுதிர் மரங்கள் அடர்ந்த இடங்களில், மேலே மரங்கள் தழைத்து நிழல் மூடுவதற்கு முன் கிடைக்கும் சில வார வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டே இச்செடிகள் பூத்து, விதைத்து, அடங்கிவிடுகின்றன. மேலே பார்த்தால் கிளைகளுக்கு இடையே வானம் தெரிய வேண்டும். வானம் மறைந்துவிட்டால் கீழே பூக்களும் முடிந்துவிட்டன என்று பொருள். இந்தத் தொடர்பைப் பெரியவளிடம் சொல்லிவிடாதீர்கள். நான்கைந்து வாரம் அதே பாதையில் நடந்தால் அவளே கேட்பாள்.

அடுத்தது தவளை முட்டைகள். ஆழமற்ற குட்டையின் ஓரத்தில் கண்ணாடிக் கூழாகத் திரண்டு, ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு கரும்புள்ளியுடன் மிதப்பவை பெரும்பாலும் தவளையுடையவை. மணிச்சரமாக நீர்ச்செடிகளைச் சுற்றி ஓடுபவை பெரும்பாலும் தேரையுடையவை. முட்டையிலிருந்து குட்டித் தவளை வரை, நீரின் வெப்பத்தைப் பொறுத்தும் இனத்தைப் பொறுத்தும், பல இனங்களுக்கு ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் ஆகும். அதாவது உங்கள் மகளின் இளவேனிலும் கோடையின் தொடக்கமும் ஒரே குட்டையில் அடங்கிவிடுகின்றன. தலைப்பிரட்டைக்கு முதலில் பின்னங்கால்கள்தாம் வெளியே தெரியும். முன்னங்கால்கள் பிறகு வரும். வால் அறுந்து விழுவதாகப் பலர் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறார்கள். அது விழுவதில்லை, உடலே அதைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கிறது, அந்த நாட்களில் அந்தக் குட்டி இரை தேடுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. வெள்ளைக் கிண்ணம் ஒன்றை எடுத்துச் சென்று, குட்டை நீரோடு ஓரிரண்டை மொண்டு பார்த்துவிட்டு, அதே இடத்தில் மெல்ல ஊற்றிவிடுங்கள். வீட்டுக்கு எடுத்து வருவதும், ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதும் வேண்டாம். தவளைகளின் நோய்கள் அப்படித்தான் பரவுகின்றன. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தொடுவதற்கே தடை இருக்கலாம் என்பதால் அறிவிப்புப் பலகையை ஒரு முறை படித்துவிடுங்கள்.

மூன்றாவது, விடியற்காலைப் பறவைக் குரல்கள். ஆண் பறவைகள் தம் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் பாடும் பாட்டு இளவேனிலில்தான் உச்சத்தில் இருக்கும். கோடை நடுவில் பல இனங்கள் ஏறக்குறைய மௌனமாகிவிடும். சிறு பிள்ளைகள் எப்படியும் சேவலுக்கு முன்பே எழுந்து நம்மை எழுப்புகிறார்கள். அந்தக் கொடுமையை ஒரு நாளாவது பயன்படுத்திக்கொள்ளலாமே. கூடு தென்பட்டால் தொலைவிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறகு முளைத்த குஞ்சு ஒன்று தரையில் தத்திக்கொண்டிருந்தால், மகன் அழுதாலும் அதை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். பறக்கப் பழகும் குஞ்சுகள் சில நாட்கள் தரையில்தான் திரியும். பெற்றோர் அருகிலேயே இருந்து இரை ஊட்டும். மனித வாடை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது உண்மையன்று என்றாலும், தொடாமல் இருப்பதே நல்லது.

இரண்டு வயதுகளையும் ஒரே உலாவில் பொருத்த நான் கண்ட வழி, நடையின் வேகத்தைச் சிறியவரிடமும் நடையின் நோக்கத்தைப் பெரியவரிடமும் ஒப்படைப்பது. மகன் எறும்புச் சாரையருகே குந்தட்டும். அந்த நேரத்தில் மகளுக்குச் செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நிழல் அளப்பது. ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நண்பகலையொட்டி நிழலின் நுனியைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை கூழாங்கல்லால் குறித்து, எது மிகக் குறுகியது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடிகாரம் 12 காட்டும் நேரமும் சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் பெரும்பாலான இடங்களில் ஒன்றாக இருப்பதில்லை என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். பிறகு வாரந்தோறும் அந்தக் குறுகிய நிழலை அளந்து குறிப்பேட்டில் எழுதினால், வெப்ப மண்டலத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கு அது ஆண்டின் மிக நீண்ட பகலாகிய கோடைக்கதிர்த் திருப்பம் வரை குறைந்துகொண்டே வந்து, பிறகு நீளத் தொடங்கும். வட கோளத்தில் அந்த நாள் பெரும்பாலும் ஜூன் 20 அல்லது 21; தென் கோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22.

அப்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும்: கோடையில் சூரியன் பக்கத்தில் வந்துவிடுகிறதா? வட கோளத்தில் இருப்பவர்களுக்கு விடை சுவையானது. பூமி சூரியனிடமிருந்து மிகவும் விலகியிருப்பதே ஜூலைத் தொடக்கத்தில்தான். அப்போது இடைவெளி ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீட்டர், ஜனவரித் தொடக்கத்தில் 14.7 கோடி. பருவங்களை உண்டாக்குவது தொலைவன்று, 23.4 டிகிரி சாய்ந்திருக்கும் பூமியின் அச்சு. ஒன்பது வயதுக்கு இது புரியும். அவளுடைய குறிப்பேட்டில் உள்ள எண்களே சான்று.

தூரத்தைப் பற்றி ஒன்று மட்டும். மகன் களைத்த பிறகு திரும்பாதீர்கள். களைப்பதற்கு முன் திரும்புங்கள். போன தூரத்தை அவன் மறுபடியும் நடக்க வேண்டும் என்பதைப் பெரியவர்களாகிய நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்.


பதில்: நீர்நிலை

நான் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவன். ஏரியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனெனில் இந்தப் பருவத்தில் எனக்கு அச்சம் தருவது அதுதான்.

காற்று சூடாவதற்கும் நீர் சூடாவதற்கும் இடையே பல வாரங்கள் இருக்கின்றன. ஒரே அளவு வெப்பநிலை உயர, ஒரு கிலோ நீருக்கு ஒரு கிலோ காற்றைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பம் தேவை. அதோடு ஏரியில் இருக்கும் நீரின் அளவையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடக்கும் முதல் நாளில், ஏரி இன்னும் குளிர்காலத்தின் கணக்கில்தான் இருக்கும். மேற்பரப்பு இதமாக இருந்தாலும் ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே சில்லென்று மற்றொரு அடுக்கு இருப்பதுண்டு. கடல் இன்னும் தாமதம். கோடை முடியும் தறுவாயில்தான் அது மிகவும் வெதுவெதுப்பாகும்.

15 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த நீரில் திடீரென்று இறங்கினால் உடல் தானாகவே ஒரு பெருமூச்சை இழுக்கும். அதைத் தொடர்ந்து மூச்சு கட்டுக்கடங்காமல் வேகமாகும், இதயம் படபடக்கும். அந்த முதல் மூச்சு இழுக்கும்போது முகம் நீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். இந்த அதிர்ச்சி பொதுவாக ஓரிரு நிமிடங்களில் தணியும் என்பதால், தவறி விழுந்தால் நீந்த முயலாமல், மல்லாந்து மிதந்து மூச்சு சீராகும் வரை காத்திருக்க வேண்டும் என்று உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில் அதை விளையாட்டாகவே பழக்கலாம். மகனைப் பொறுத்தவரை, உடல் எடையோடு ஒப்பிடுகையில் சிறு பிள்ளைகளுக்குத் தோலின் பரப்பு அதிகம் என்பதால், அவன் உங்களைவிட வெகு விரைவாகக் குளிர்ந்துவிடுவான். உதடு நிறம் மாறும் வரை காத்திராமல், நடுக்கம் தொடங்கியதுமே கரையேற்றிவிடுங்கள்.

ஆகவே இளவேனிலில் ஏரிக்குச் செல்லுங்கள், ஆனால் கரையில் நில்லுங்கள். தட்டைக் கல் எறிந்து நீரின் மேல் தத்தவிடுவது, கரையோரச் சேற்றில் பறவைகளின் காலடித் தடம் தேடுவது, கயிற்றில் கட்டிய வெப்பமானியை இறக்கி நீரின் வெப்பத்தைக் குறிப்பது. கடைசியாகச் சொன்னது குளக்கரை ஐயாவின் நிழல் அளக்கும் குறிப்பேட்டோடு நன்றாகச் சேரும்; நீந்தும் நாள் எது என்பதை உங்கள் நச்சரிப்போ அவளுடைய நச்சரிப்போ முடிவு செய்யாமல், அவள் எழுதிய எண்ணே முடிவு செய்யும்.

கோடை வந்து இறங்கும் நாளிலும் சில விதிகள் மாறுவதில்லை. மூழ்கும் பிள்ளை கையை ஆட்டிக் கூவுவதில்லை; பெரும்பாலும் ஓசையின்றி, சில பத்து நொடிகளில் முடிந்துவிடுகிறது. உலக அளவில் 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளின் இறப்புக்கான முதன்மைக் காரணங்களுள் நீரில் மூழ்குவதும் ஒன்று. நான்கு வயதுப் பிள்ளை நீரில் இருக்கும்போது கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். "எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள், ஆகவே இந்த அரை மணி நேரம் உங்கள் கணவர், அடுத்த அரை மணி நேரம் நீங்கள் என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். முறைக்கு உரியவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது. காற்றடைத்த கைப்பட்டைகளும் மிதவை வளையங்களும் விளையாட்டுப் பொருள்கள். உயிர்காப்புக்கு உரியது உடலளவுக்குப் பொருந்திய லைஃப் ஜாக்கெட் மட்டுமே. நீச்சல் உடை வாங்கும்போது நீலத்தையும் வெள்ளையையும் தவிர்த்து, பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீல உடை நீருக்கடியில் ஏறக்குறைய மறைந்தே போய்விடும்.


கேட்டவர்: இருவருக்குத் தாய்

இருவருக்கும் மிக்க நன்றி. வெப்பமானி யோசனையை மகளிடம் சொன்னதும் பட்டியலில் ஏரிக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டாள். நச்சரிப்பு தற்காலிகமாக ஓய்ந்திருக்கிறது. இரண்டு துணைக் கேள்விகள். சில்லென்ற காற்று வீசிய ஒரு மேகமூட்ட நாளில் வெளியே சென்று வந்த மகனுக்குக் கழுத்தும் காது மடலும் சிவந்து எரிந்தன. வெயிலே இல்லாத நாளில் இது எப்படி? மற்றொன்று, மாலை வெளிச்சம் நீண்டுகொண்டே போவதால் "இன்னும் பகல்தானே" என்று இருவரும் படுக்க மறுக்கிறார்கள்.


பதில்: மணிப்புறா

வெயிலின் சூடும் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரும் வெவ்வேறானவை. நமக்குச் சுரீரென்று உறைப்பது முன்னது. பின்னதை உணர நமக்குப் புலன் இல்லை. காற்றும் மேகமும் சூட்டைக் குறைத்துவிடும், ஆனால் மெல்லிய மேகத்தின் வழியே புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை கீழே வந்துவிடக்கூடும். இளவேனில் ஏமாற்றுவது இதனால்தான்: காற்று குளிர்ந்திருக்க, சூரியன் மட்டும் கோடையின் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. ஆண்டின் மிகச் சூடான நாட்கள் கதிர்த் திருப்பத்துக்குச் சில வாரங்கள் கழித்தே வருகின்றன என்பதை நினைவில் கொண்டால், அதே அளவு வாரங்கள் முன்னே உள்ள குளிர்ந்த நாளிலும் சூரியன் அதே உயரத்தில் நின்றிருந்தது புரியும்.

வானிலை அறிக்கையில் வரும் புற ஊதாக் குறியீட்டு எண் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அறிக்கையைப் பார்க்க நேரமில்லாத போது நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் சூரியன் 45 டிகிரிக்கு மேலே நிற்கிறது. அது கதிர் கடுமையாக இருக்கும் நேரம். இதை நான்கு வயதுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும், எங்கள் மகள் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி அவர்களுடைய நிழலை விமர்சிக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டாள். காதையும் பிடரியையும் மறைக்கும் அகன்ற விளிம்புத் தொப்பி, நீண்ட கை வைத்த மெல்லிய உடை ஆகியவை முதலில். அவற்றுக்கு வெளியே தெரியும் தோலுக்கு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் நீரிலிருந்து ஏறிய பின்பும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை உடன் வந்தால் அதற்குக் களிம்பைவிட நிழலே பாதுகாப்பு.

உங்கள் முதல் கேள்வியையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். இந்த வாரங்களில் இடத்தைவிட நேரம்தான் மாற வேண்டும். இளவேனிலின் தொடக்கத்தில் வெளியே செல்ல உகந்தது நடுப்பகல். பனி விலகித் தரை சற்றுச் சூடாகியிருக்கும். கோடை நெருங்க நெருங்க அந்த உலா இரண்டாகப் பிளந்து, காலை 10 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ள நேரம் நிழலுக்கும் மகனின் தூக்கத்துக்கும் உரியது. பழைய வழக்கத்திலேயே நண்பகலில் பூங்காவுக்குச் செல்லும் பெற்றோர், சறுக்குமரத்தின் தகடு பிள்ளையின் தொடையைச் சுடும்போதுதான் பருவம் மாறியதைக் கவனிக்கிறார்கள். புறங்கையை வைத்துப் பார்த்து, உங்களால் சில நொடிகள் பொறுக்க முடியாவிட்டால் பிள்ளையை ஏற்றாதீர்கள். தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்தி மூடுவதும் வேண்டாம். உள்ளே காற்று தேங்கிச் சூடு ஏறும்.

நிறுத்திய காரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிதமான வெயிலிலேயே 10 நிமிடங்களில் காருக்குள் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும், கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தாலும் பெரிய வேறுபாடு இருக்காது, பிள்ளைகளின் உடலோ பெரியவர்களின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும். தூங்குகிறானே என்று ஒரு நிமிடம்கூட உள்ளே விட்டுச் செல்லக் கூடாது.

படுக்க மறுப்பதைப் பிடிவாதமாக எண்ண வேண்டாம். மாலை வெளிச்சம், தூக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது; சிறு பிள்ளைகளுக்கு அந்த விளைவு பெரியவர்களைவிட அதிகம். படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டுத் திரைகளை இழுத்துவிட்டு விளக்கைத் தணித்தால் பாதி வேலை முடிந்துவிடும். படுக்கையறைக்குத் தடித்த இருள் திரை போட்டால் விடியற்காலை எழுச்சியும் சற்றுத் தள்ளிப்போகும் (குளக்கரை ஐயாவின் பறவைக் குரல் நாளில் மட்டும் திரையைத் திறந்து வையுங்கள்). எப்போதாவது ஒரு நாள் விதியைத் தளர்த்தி, மகளை மட்டும் விழித்திருக்கச் செய்து வானம் காட்டலாம். வட கோளத்தில் கோடை இரவுகளில் வேகா, டெனெப், திருவோண மீனாகிய ஆல்டேர் ஆகிய மூன்று விண்மீன்களும் பெரிய முக்கோணமாகத் தலைக்கு மேலே தெரியும்; நகர வெளிச்சத்திலும் அவற்றைக் காண முடியும் என்பது அவற்றின் சிறப்பு. ஆனால் ஜூனில் இருட்டவே வெகு நேரம் ஆகும் என்பதால், சற்றுப் பொறுத்து ஆகஸ்டில் பார்ப்பது பெற்றோருக்கு எளிது.


பதில்: மூன்றாம் மாடி

மேலே சொன்னவை எல்லாம் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே குட்டைக்கு வாரந்தோறும் செல்வதை நான்கு வயது கொண்டாடும். ஒன்பது வயது சில வாரங்களில் சலித்துக்கொள்ளும், குறிப்பேடும் குச்சியும் தந்தாலும்கூட. அந்தப் பட்டியலை எழுதியது அவள். அதிலிருந்து மாதம் ஒன்றையாவது, தம்பியின் வேகத்துக்குக் கட்டுப்படாமல் அவளுக்கென்று நிறைவேற்றித் தாருங்கள். பெற்றோரில் ஒருவர் மகளோடு குன்றுக்குச் செல்ல, மற்றவர் மகனோடு எறும்புச் சாரையருகே குந்தியிருக்கலாம். நால்வரும் எப்போதும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கூடாரத்துக்கு இப்போதே ஒத்திகை பார்க்கலாம். முற்றத்திலோ, அதுவும் இல்லாவிட்டால் வீட்டுக் கூடத்திலோ ஓர் இரவு அடித்துப் பாருங்கள். இருட்டில் கழிப்பறைக்குச் செல்வது எப்படி என்பது உட்பட எல்லாச் சிக்கல்களும் வீட்டருகிலேயே வெளிப்பட்டுவிடும். வெளியே படுப்பதானால், மேகமற்ற இளவேனில் இரவில் தரையின் வெப்பம் வானுக்குக் கசிந்துவிடுவதால் விடியலுக்கு முன் குளிர் எதிர்பாராத அளவுக்கு இறங்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் உடலின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால், அடியில் விரிக்கும் தடித்த பாய்தான் முதலில் வாங்க வேண்டியது. இரவில் அணிந்து தூங்கும் உடை, பகலில் வியர்த்த உடையாக இருக்கக் கூடாது.

அப்புறம், எங்கும் செல்லாத ஒரு வாரமும் வேண்டும். வாளி நிறையத் தண்ணீரும் பழைய பெயின்ட் தூரிகையும் கொடுத்து, சுவருக்குத் "தண்ணீர் வண்ணம்" பூசச் சொல்லுங்கள். வெயில் ஏற ஏறச் சுவர் எவ்வளவு விரைவாகக் காய்கிறது என்று மகன் தானாகவே பார்த்துக்கொள்வான், நீங்கள் ஒரு குவளை தேநீரை ஆறுவதற்கு முன் குடித்து முடிக்கலாம்.


கேட்டவர்: இருவருக்குத் தாய்

ஆறாத தேநீருக்காகவே இந்த வாரம் எங்கும் செல்லப் போவதில்லை. அதற்கடுத்த வாரம் நாங்கள் தேர்ந்தெடுத்த குட்டைக்குப் போகும் பாதையில் புல் முழங்கால் வரை வளர்ந்திருக்கிறது. அங்கே உண்ணி இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?


பதில்: குளக்கரை

உண்ணிகள் மரத்திலிருந்து குதிப்பதில்லை. புல் நுனியிலும் தாழ்ந்த புதர்களிலும் முன்னங்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிச் செல்லும் உடலில் தொற்றிக்கொள்கின்றன. பாதையின் நடுவே நடங்கள், கால்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள், வெளிர் நிற உடையாக இருந்தால் ஊர்வது எளிதில் தெரியும். வீடு திரும்பியதும் இருவரையும் குளிக்கவைத்து, முழங்காலின் பின்புறம், அக்குள், தொப்புள், காதுக்குப் பின்னால், முடியின் விளிம்பு ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இளம் உண்ணி கசகசா அளவில்தான் இருக்கும், ஆகவே கண்ணோடு விரல் நுனியாலும் தடவிப் பார்ப்பது நல்லது.

கடித்துப் பற்றியிருந்தால், நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, திருகாமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுங்கள். எண்ணெய் தடவுவது, நகப்பூச்சு பூசுவது, சூடு வைப்பது போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். எடுத்த பிறகு அந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, தேதியையும் கடித்த இடத்தையும் மகளின் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, கடித்த இடத்தைச் சுற்றிப் பரவும் சிவப்புத் தடிப்போ தோன்றினால் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.